எம்டன் என்றொரு குடும்பப் பெயர்

1914 செப்டம்பர் 18. ஐராவதி கழிமுகத்துக்கு வெளியே, ரங்கூன் துறைக்குப் போகும் கடல்வழியில் டோவ்ரே என்ற நார்வே நாட்டுச் சரக்குக் கப்பலை ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் நிறுத்தியது. நார்வே போரில் யார் பக்கமும் சேராத நாடு. ஆகவே டோவ்ரேவுக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. போர்க்கப்பலின் தலைவர் கேட்டது ஒரு உதவிதான். நான்கு நாளைக்கு முன்பு அவர் மூழ்கடித்த கிளான் மாத்தேசன் என்ற பிரிட்டிஷ் கப்பலின் ஆட்கள் அவர் வசம் இருந்தார்கள். அவர்களை ரங்கூனில் இறக்கிவிட வேண்டும். கூலி நூறு டாலர். நார்வேக் கப்பல்காரர் ஒப்புக்கொண்டார்.

அந்தப் போர்க்கப்பலின் பெயர் எம்டன். அடுத்த நான்காம் நாள் இரவு அது சென்னையின் மீது குண்டு வீசியது. தமிழ்நாட்டில் அந்தக் கதை தெரியாத வீடு குறைவு. அதற்கு முன்பே அந்தப் பெயர் ரங்கூன் வாசல்வரை வந்துபோனதைத்தான் நாம் சொல்வதில்லை. சென்னையில் எரிந்த எண்ணெயே ரங்கூன் ஆற்றோரத்தில் காய்ச்சி அனுப்பிய எண்ணெய் என்பதும் கதை சொல்லும்போது விட்டுப்போகிறது. இன்னொன்றும் விட்டுப்போகிறது: இந்த வங்கக்கடல் ஓட்டத்தின் முடிவில் 'எம்டன்' என்பது ஜெர்மனியில் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் குடும்பப் பெயராக ஆனது. கப்பலின் போர்க்கணக்கைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர் எங்கே பிறந்து, எந்த வழியாக வந்து, யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குடும்பப் பெயர் என்பதே ரங்கூன் தெருக்களில் விசித்திரமான பொருள்தான். பர்மியர்களுக்கு அது கிடையாது. அப்பாவின் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒட்டாது. கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. முன்னால் வரும் மரியாதைச் சொல்தான் வயதோடு மாறும்: சிறுவனாக இருக்கும்போது மவுங், இளைஞனானால் கோ, பெரியவரானால் ஊ. அங்கே போய்க் குடியேறிய தமிழர்களுக்கும் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறைக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது உதிர்ந்து வேறு எழுத்து வந்துவிடும். முகல் தெருவில் பெட்டியடி போட்டு உட்கார்ந்த நகரத்தார் மட்டும் பாட்டன், அப்பன் எழுத்துகளைக் கோத்து விலாசம் என்று வைத்திருந்தார்கள். அதுவும் தொழிலுக்கான அடையாளம்; பங்கு பிரிந்தால் விலாசமும் பிரியும்.

ஜெர்மானியர் வழக்கம் வேறு. அப்பன் பெயரோ, செய்த தொழிலோ, பிறந்த ஊரோ ஏதோ ஒரு தலைமுறையில் அப்படியே உறைந்துபோய், அதற்குப் பின் நூற்றாண்டுக் கணக்கில் மாறாமல் இறங்கிவரும். நகரங்களில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய வழக்கம் அது; மெல்ல மெல்ல நாட்டுப்புறம்வரை பரவியது.

அப்படி உறைந்த பெயர்கள் சில 19ஆம் நூற்றாண்டிலேயே ரங்கூனில் நடமாடின. ரிக்மர்ஸ் என்பது ரிக்மர் என்ற அப்பன் பெயரோடு ஒரு 'ஸ்' ஒட்டி உண்டானது. ஹெலிகோலாண்ட் தீவில் பிறந்த ரிக்மர் கிளாசன் ரிக்மர்ஸ் பிரேமர்ஹாஃபனில் கப்பல் கட்டும் பட்டறை வைத்தார். அவர் குடும்பம் பின்னர் அரிசி ஆலையிலும் இறங்கியது. பர்மாவின் அரிசி அந்த வழியாகவும் ஜெர்மன் அடுப்புகளுக்குப் போனது. பிலிப் அடால்ஃப் கிளியர் மௌல்மேனிலும் பிறகு ரங்கூனிலும் படக்கடை வைத்திருந்தார். அக்காலத்து ஷ்வேடகோனும் படகுத்துறையும் சந்தையும் எப்படியிருந்தன என்று இன்று நாம் பார்க்கிற படங்களில் பல அவருடைய கேமரா வழியே வந்தவை.

எல்லாவற்றிலும் நீண்ட வழி வந்த பெயர் பிராண்டிஸ். ஹில்டஸ்ஹைம் நகரத்துப் பழங்குடும்பம் அது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊரின் மேயராக இருந்த ஹென்னிங் பிராண்டிஸ் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு டீட்ரிச் பிராண்டிஸ் என்ற தாவரவியலாளர் 1856 ஜனவரியில் பெகு தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். யானைமீது அமர்ந்து காட்டுக்குள் போவார். ஒவ்வொரு தேக்குக்கும் சுற்றளவுக்கேற்ற மூங்கில் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டுக் குறி போடுவார். பொழுது சாய்ந்ததும் குறிகளை எண்ணி ஏட்டில் ஏற்றுவார். இரண்டாம் தரத்து மரம் முதல் தரமாக வளர இருபத்துநான்கு ஆண்டு ஆகும் என்று கணித்து, ஆண்டுக்கு இருபத்துநான்கில் ஒரு பங்கு முதல்தர மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்று வகுத்தார். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக 1864இல் உயர்ந்த அவர், 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கும் வந்தார். ஏலகிரியின் சாமி சோலை, ஜவ்வாது மலையில் புதூரின் கோயில் காடு, சேர்வராயன் மலையின் தெய்வக் காடுகள் ஆகியவற்றைக் குறித்து, மக்களே காத்துவந்த காடுகள் இவை என்று மதிப்போடு எழுதியவர் அவர். பர்மாவின் பெருமூங்கில் ஒன்றுக்கு டென்ட்ரோகலாமஸ் பிராண்டிசி என்று பெயர். குடகில் இன்று உழவர்கள் அதை விரும்பி வளர்க்கிறார்கள்.

இந்த மனிதர்களோடு வந்த பெயர்களெல்லாம் வியாபாரமாகவும் வேலையாகவும் ரங்கூனுக்குள் நுழைந்தவை. எம்டன் அப்படி வரவில்லை.

எம்டன் முதலில் ஓர் ஊர். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வணிகர்கள் போட்ட குடியிருப்பு. பழைய ஏடுகளில் அமுதோன் என்று வருகிறது. மீனும் துணியும் தானியமும் ஏறி இறங்கிய துறைமுகம். மதக் கலகத்தில் அடிபட்ட டச்சுக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர்.

அந்த ஊரின் பெயரைத் தன் பெயராக உலகறியச் செய்தவர் யூத மதகுரு ஒருவர். யாக்கோபு எம்டன் 1697இல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில் பிறந்தார். 1728 முதல் சில ஆண்டுகள் மட்டும் எம்டனில் ரபியாக இருந்துவிட்டுத் திரும்பினார். ஊர்ப் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. யூத அறிஞர்கள் நடுவே அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: யாவெட்ஸ். யாக்கோபு, ட்ஸ்வியின் மகன் என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கியது. தந்தை பெயரை எழுத்தாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும் நம் முறைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். பின்னாளில், 1812இல், பிரஷ்ய அரசு யூதர்கள் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. ஐரோப்பாவில் மற்ற அரசுகளும் அதே காலத்தை ஒட்டி அதையே செய்தன. ஊர்ப் பெயர்கள் குடும்பப் பெயர்களாகக் கூட்டம் கூட்டமாக உறைந்த காலம் அது. எம்டன் என்ற பெயருள்ள குடும்பங்கள் ஹாம்பர்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கடைசியில் சந்திப்போம்.

பெயரின் இரண்டாவது கிளைதான் கடலுக்கு வந்தது. ஜெர்மன் கடற்படை தன் இலகு போர்க்கப்பல்களுக்கு நகரங்களின் பெயரை வைக்கும். 1908 மே 26 அன்று டான்சிக் பட்டறையில் ஒரு கப்பல் நீரில் இறங்கியபோது, எம்டன் நகர மேயர் லியோ ஃபூர்பிரிங்கர் வந்து தம் ஊரின் பெயரைச் சூட்டினார். பத்துப் பீரங்கிகள், மூன்று புகைபோக்கிகள், முந்நூற்று அறுபது பேர் அளவு ஆட்கள். ஜெர்மனி சீனாவில் பிடித்து வைத்திருந்த சிங்டாவோ துறைமுகத்துக்கு அது அனுப்பப்பட்டது. 1913இல் அதன் தலைமையை ஏற்றவர் கார்ல் ஃபொன் முல்லர். அவருடைய குடும்பப் பெயரே மாவு அரைக்கும் ஆலைக்காரன் என்ற தொழிற்பெயர். ஜெர்மனியில் அதைவிடப் பரவலான பெயர் இல்லை.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படை பசிபிக் வழியாகத் தென்னமெரிக்காவுக்குப் போக முடிவெடுத்தபோது, தன் கப்பலை மட்டும் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பும்படி முல்லர் கேட்டு வாங்கினார். ஒரு நிலக்கரிக் கப்பலைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியே வந்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பல் யார்மவுத்துக்கு நான்கு புகைபோக்கி. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இதுவும் அதுவே என்று தோன்றுமாறு, மரச்சட்டமும் கித்தானும் வைத்து நான்காவது பொய்ப் புகைபோக்கி ஒன்றை எம்டனில் எழுப்பினார்கள். முல்லருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த ஹெல்முத் ஃபொன் மியூக்கேயின் யோசனை அது.

வங்கக்கடலில் அப்போது யாருக்கும் சந்தேகமே இல்லை. கப்பல்கள் விளக்கேற்றிக்கொண்டு போயின. செப்டம்பர் 10இல் தொடங்கி நான்கைந்து நாட்களுக்குள் கல்கத்தா வழியில் இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளமாட், டிராபோக், கிளான் மாத்தேசன் என்று அடுத்தடுத்து மூழ்கின. பிடிபட்ட கபிங்கா என்ற கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். மூழ்கடித்த கப்பல்களின் ஆட்களை அதில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார் முல்லர். கிளான் மாத்தேசன் கொண்டுவந்த சரக்கில் ரயில் எஞ்சின்களும் மோட்டார் கார்களும் இருந்தன. பந்தயக் குதிரையும் இருந்தது. கப்பலை மூழ்கடிக்கும் முன் அதைச் சுட்டுக் கொன்றார்கள். மனிதர்களைப் பத்திரமாக இறக்கினார்கள். அந்த மனிதர்களைத்தான் டோவ்ரே ரங்கூனுக்குக் கொண்டுபோனது. கிளான் மாத்தேசனை ஓட்டிய கம்பெனியின் கப்பல்களில் கீழ்த்தட்டு வேலைக்கு இந்தியக் கடலோடிகளையே வைப்பது வழக்கம். பத்திரிகையில் செய்தி அச்சாகும் முன்பே எம்டனைக் கண்ணால் கண்டவர்கள் ரங்கூன் துறையில் கால் வைக்க வழி பிறந்துவிட்டது. இந்தக் கரைக்கு அந்தப் பெயர் எழுத்தில் வருவதற்கு முன் வாயில் வந்திருக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

முல்லர் ஏன் ரங்கூன் பக்கம் வந்தார்? கல்கத்தா வழி விழித்துக்கொண்டுவிட்டது. ரங்கூனோ அந்நாளில் உலகத்துக்கே அரிசி அனுப்பிய துறை. கூலி வேலைக்கும் வட்டித் தொழிலுக்கும் சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் கப்பலேறியவர்களால் நிரம்பிய நகரம். அதன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர். கப்பல் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வருபவர்களும் போகிறவர்களும் வாரம் தவறாமல் இருந்தார்கள். அந்தக் கடல்வழி நின்றுபோனால் முகல் தெருவுக்கு உண்டியல் வராது, இராமநாதபுரத்து வீட்டுக்குப் பணம் போகாது, சென்னை மாகாணத்துக்கு அரிசியும் போகாது. ஒரு கப்பலைக்கூட எம்டன் அங்கே மூழ்கடிக்கவில்லை. பெயர் பரவியதே போதுமானதாக இருந்தது. கப்பல்கள் துறைகளில் தங்கின, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது.

ரங்கூனுக்கு எதிர்க்கரையில், பெகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியம் இருக்கிறது. இன்று தான்லின் என்கிறார்கள். பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை அங்கேதான் இருந்தது. ஏனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்த பச்சை எண்ணெயைக் காய்ச்சி மண்ணெண்ணெயாக்கி, கப்பலில் ஏற்றி, இந்தியத் துறைமுகங்களின் தொட்டிகளில் நிரப்புவார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்து அரிக்கேன் விளக்கில் எரிந்தது பெரும்பாலும் அந்தச் சீமை எண்ணெய்தான். சென்னைத் துறைமுகத்தை ஒட்டி நின்ற அந்தக் கம்பெனித் தொட்டிகள் கடலிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

டோவ்ரேவை அனுப்பிவிட்டு எம்டன் மேற்கே திரும்பியது. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக்கு எதிரே, மூவாயிரம் கஜத் தொலைவில் வந்து நின்றது. கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தேடுவிளக்கைப் போட்டுத் தொட்டிகளைக் கண்டுபிடித்துச் சுட்டது. ஏறத்தாழ நூற்று முப்பது குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடிபட்டது. உயிரிழந்தவர்கள் ஐந்து பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அரைமணி நேரத்துக்குள் எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது. அதன் பிறகு மூட்டை முடிச்சோடு ரயிலேறியும் வண்டி கட்டியும் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் குண்டு பட்ட இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

அந்த ஐவரைப் பற்றி நாம் இன்னும் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றும். எம்டன் தலைவர் எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று எழுதுவது ஆங்கிலேயப் பத்திரிகைகளிலேயே அன்று தொடங்கிவிட்டது. பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்களைக் காப்பாற்றியது உண்மை; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய்த் தொட்டிக்குக் குறிவைத்த குண்டு தொட்டியோடு நிற்கவில்லை.

பெயருக்கு அப்போது நடந்தது அரிதாகவே நடக்கும் ஒன்று. ஜெர்மன் ஊரின் பெயர் தமிழில் மனிதர்களின் குணப்பெயராக இறங்கியது. 'அவர் பெரிய எம்டன்' என்றால் போதும்: கண்டிப்பானவர், எதிர்பாராமல் வந்து நிற்பவர், அவரிடம் எதுவும் செல்லாது. தலைமையாசிரியர்களுக்கும் அப்பாக்களுக்கும் மாமியார்களுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. எமன் என்ற சொல்லின் நிழல் அதன்மேல் விழுந்ததும் அது நிலைத்துப்போக ஒரு காரணமாக இருக்க வேண்டும். மலையாளத்தில் அது எமண்டன் ஆகி, பூதாகரமானது என்ற பொருளுக்குப் போய்விட்டது. சிங்களத்திலும் அந்தப் பெயர் தந்திரசாலியைக் குறிக்க வாழ்கிறது. நான் சிறு வயதில் கேட்ட எம்டன்கள் எல்லோருமே ஊர்க்காரர்கள்; அது ஒரு கப்பலின் பெயர் என்று தெரியவந்தது பிறகுதான். 2006இல் வந்த ஒரு திரைப்படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்ற விதிக்காக அதை 'எம் மகன்' என்று மாற்றினார்கள். மூன்று தலைமுறை தமிழ் வாயில் புழங்கியும் சட்டத்தின் கண்ணுக்கு அது வெளிநாட்டுப் பெயராகவே இருந்தது.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், சென்னையைச் சுட வழிகாட்டினார் என்ற கதையும் இதே காதுவழியில் வந்தது. அவர் 1914இல் சூரிச்சில் இருந்தார். அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். நாட்டுக்காக வெளிநாட்டில் வாழ்ந்து மடிந்த அவரை மதிக்க இந்தக் கதை தேவையில்லை.

கப்பலின் முடிவு விரைவாக வந்தது. அக்டோபர் 28இல் பினாங்குத் துறைக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்திக் கம்பியை அறுக்க மியூக்கே தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேரைக் கரையில் இறக்கியிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கிகள் பெரியவை. எம்டன் பவளப் பாறையில் தானே மோதி நின்றது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையில் இருந்தவர்கள் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ரா வழியாக ஏமனுக்கும் அங்கிருந்து பாலைவனத்தின் வழியே கான்ஸ்டான்டிநோபிளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்களை மால்டாவில் சிறை வைத்தார்கள். ரங்கூனிலும் சென்னையிலும் கப்பல்கள் மீண்டும் விளக்கேற்றிப் புறப்பட்டன.

போர் முடிந்தது, ஜெர்மனி தோற்றது, மன்னராட்சி போனது. 1919இன் புதிய அரசியல் சட்டம் பிரபு, இளவரசர் என்ற பட்டங்களின் உரிமையை ஒழித்து, அவற்றை வெறும் பெயரின் பகுதியாக்கியது. ஜெர்மனியில் குடும்பப் பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது. அரசின் அனுமதி வேண்டும். அந்த நாட்டில், எம்டனில் பணிபுரிந்து உயிர்பிழைத்தவர்களுக்கு ஓர் அரிய சலுகை கிடைத்தது. விண்ணப்பித்தால், தங்கள் குடும்பப் பெயருக்குப் பின் ஒரு சிறுகோடு போட்டு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளலாம். அந்த உரிமை அவர்களோடு முடியாது. பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் இறங்கும்.

இதில் என்னை நெகிழவைப்பது, கொதிகலனுக்குக் கரி அள்ளியவனுக்கும் இளவரசனுக்கும் ஒரே பெயர் ஒட்டியது. ஃபிரான்ஸ் யோசஃப் ஹோஹென்சோலர்ன் அரச குலத்தின் கிளையில் பிறந்தவர். எம்டனில் இளம் அதிகாரி. ஹோஹென்சோலர்ன் என்பது ஜெர்மனியிலேயே மிகப் பழைய பெயர்களில் ஒன்று. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று நினைக்கக்கூடிய அவர், ஹோஹென்சோலர்ன்-எம்டன் என்று ஆனார். கப்பலில் தம் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். டார்பிடோ அதிகாரி ராபர்ட் விட்டோஃப்ட், விட்டோஃப்ட்-எம்டன் ஆனார். 1925இல் நீரில் இறக்கிய புதிய எம்டன் கப்பலுக்கு 1930களின் தொடக்கத்தில் அவரே தலைவராக இருந்தார். பின்னர் வாஷிங்டனில் ஜெர்மன் தூதரகத்தின் கடற்படை அதிகாரியாகப் போனபோதும் அந்தப் பெயரோடுதான் போனார்.

ஒரு பெயர் குடும்பப் பெயராக உறைய ஐரோப்பாவில் பல தலைமுறை பிடித்தது. இந்தப் பெயர் உறைய மூன்று மாதக் கடலோட்டம் போதுமானதாக இருந்தது; அதன் பெரும்பகுதி நடந்தது கல்கத்தா, ரங்கூன், சென்னை, கொழும்பு, பினாங்கு என்ற நம் மக்கள் போய்வந்த துறைகளுக்கு நடுவே. அந்தக் குடும்பங்களில் இன்று பிறக்கும் குழந்தை ஒன்றின் பிறப்புச் சான்றிதழில் வங்கக்கடலின் ஒரு துண்டு இருக்கிறது. அதே நாட்களில் எம்டனால் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட இந்தியக் கடலோடிகளின் பெயர்களோ, சிரியம் ஆலையில் எண்ணெய் ஏற்றிய கூலிகளின் பெயர்களோ யாருடைய பெயரோடும் ஒட்டவில்லை. சம்பள ஏடுகளில் ஏறியிருக்கலாம், அவ்வளவே. எம்டன் கதையைத் தமிழில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்களையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காகவே ரங்கூனிலிருந்து தொடங்கினேன்.

இனி அந்த மற்றொரு எம்டன். சிறுகோடு இல்லாத, ஊரிலிருந்து நேரே வந்த பழைய குடும்பப் பெயர். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் 1862இல் பிறந்த ராபர்ட் எம்டன் வானியற்பியலாளர். கப்பல் நீரில் இறங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1907இல், 'வாயுக் கோளங்கள்' என்ற பொருளுள்ள தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். விண்மீன் என்பது தன் எடையால் தானே இறுகிக்கொள்ளும் வாயு உருண்டை. அதன் நடுவிலிருந்து மேற்பரப்புவரை அடர்த்தி எப்படிக் குறைகிறது என்பதற்கு அவர் ஆழமாக ஆராய்ந்த சமன்பாடு, அமெரிக்கர் லேனின் பெயரோடு சேர்ந்து லேன்-எம்டன் சமன்பாடு என்று நிலைத்தது.

அந்தச் சமன்பாட்டைப் பின்னாளில் கையாண்டவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய குடும்பம் சென்னைக்கு வந்து குடியேறியது 1918இல், குண்டு விழுந்த நான்கு ஆண்டுக்குப் பின். எம்டன் என்ற சொல் அந்த ஊரின் பேச்சில் சூடு ஆறாமல் இருந்த காலம். 1930 ஜூலை 31 அன்று, பத்தொன்பது வயதில், அவர் பம்பாயிலிருந்து பில்ஸ்னா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். போகும் வழியில், எரிந்து ஓய்ந்த வெண்குறு விண்மீன் எவ்வளவு எடைவரை தாங்கும் என்ற கணக்கைப் போட்டார். அந்தக் கணக்குக்கு ராபர்ட் எம்டன் வகுத்த வாயுக் கோளத்தின் தீர்வுதான் கருவி. ஒன்பது ஆண்டு கழித்து விண்மீன்களின் அமைப்பு பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தில் எம்டன் என்ற பெயர் பக்கம் பக்கமாக வருகிறது.